அடுத்த வீட்டு மொழி

சீனப் புத்தாண்டு மேசையில் எதுவும் காரணம் இல்லாமல் இடம்பிடிப்பதில்லை. அன்னாசிக்கு ஹொக்கியன் என்கிற சீன வட்டார மொழியில் ‘ஒங் லாய்’ என்று பெயர். அதையே சற்று ராகம் மாற்றிச் சொன்னால் ‘செழிப்பு வருகிறது’ என்று ஆகிவிடும். கரும்பு ‘கம் ஜியா’. நன்றி சொல்லும் ‘கம் சியா’வோடு அது இழைந்து ஒலிக்கும். ஜோடி ஜோடியாகக் கைமாறும் ஆரஞ்சுப் பழத்தின் பெயர், கன்டனீஸில் பொன்னின் பெயரோடு அப்படியே ஒத்துப்போகும். நான்கு என்று சொன்னால் சாவு என்று காதில் விழும் என்பதால் அந்த எண்ணையே ஒதுக்குவார்கள். சீனர் வீட்டுச் சடங்குகளில் பாதி இப்படித்தான். பார்த்து விளங்காது. அந்தந்த வட்டார மொழியில் பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் பிடிபடும். மொழி போய்விட்டால் மேசையில் பழம் இருக்கும், வாழ்த்து இருக்காது. அப்படிப் போனதை அருகில் இருந்து பார்த்தவள் நான்.

எழுபதுகளில் நாங்கள் சிங்கப்பூர் புக்கிட் மேராவில் குடியிருந்தோம். நீண்ட நடைபாதையும் அதன் ஓரமாக வரிசையாக வாடகை வீடுகளும் இருந்த புளோக். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. எங்கள் தளத்தில் தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம்தான். மற்றவர்கள் மலாய்க்காரரும் சீனரும். சீனர்களில் பெரும்பாலோர் ஹொக்கியன். அடுத்த வீட்டில் ஆ மா. ஹொக்கியனில் பாட்டி என்றால் ஆ மா. அவர் பெயர் என்னவென்று அவர் இறந்த பிறகு, அஞ்சலிப் பலகையில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். சியாமென் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து இளம் மனைவியாகக் கப்பலில் வந்தவர். அம்மாவும் அவரும் முதலில் சந்தை மலாயில் பேசிக்கொண்டார்கள். பிறகு அம்மாவுக்கு ஹொக்கியன் வந்துவிட்டது. எனக்கு அது எப்போது வந்தது என்றே தெரியாது. என்னை அவர் ‘தங்காச்சி’ என்றுதான் கூப்பிடுவார்.

புத்தாண்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போதே ஆ மா வீட்டில் வேலை தொடங்கிவிடும். சீன நாள்காட்டியின் பன்னிரண்டாம் மாதம் 24-ஆம் நாள் அடுப்படித் தெய்வத்தை மேலுலகுக்கு வழியனுப்ப வேண்டும். ஆண்டு முழுவதும் அந்த வீட்டில் நடந்ததை எல்லாம் மேலே போய்ச் சொல்கிறவர் அவர். நல்லதை மட்டும் சொல்லட்டும் என்று அவர் வாயில் இனிப்பைத் தடவுவார்கள். அதே நாள்களில் ‘டி குவே’ வேகும். பசையரிசி மாவும் சர்க்கரையும் கலந்து, வாழையிலை விரித்த தகரக் குவளைகளில் ஊற்றி, மணிக்கணக்காக ஆவியில் வைப்பார் ஆ மா. நடைபாதை முழுக்க வாழையிலை வெந்த வாசனை பரவும். எங்களுக்கும் ஒரு குவளை வரும். உடனே தின்ன விடமாட்டார். பல நாள் கிடந்து கல்லாக இறுகிய பிறகு துண்டு போட்டு, ஒரு பக்கம் கருணைக்கிழங்கு போல ஒரு கிழங்குத் துண்டும் மறுபக்கம் சர்க்கரைவள்ளித் துண்டும் வைத்து, மாவில் தோய்த்துப் பொரித்துத் தருவார். வெளியே மொறுமொறுப்பு, நடுவில் உருகிய இனிப்பு. அம்மா கடலை மாவில் தோய்த்துப் பார்த்தார். ஆ மா அதை ஒப்புக்கொண்டார்.

இன்று டி குவே பேரங்காடியில் பிளாஸ்டிக் உறையில் கிடைக்கிறது. அதில் எனக்குக் குறை இல்லை. வேலைக்குப் போகிற பெண்கள் இரவெல்லாம் ஆவிச்சட்டி பார்த்துக்கொண்டு உட்கார முடியாது. வெடியும் அப்படித்தான். நடைபாதைக் கைப்பிடியிலிருந்து சிவப்புச் சரம் தரை வரை தொங்கும், காலையில் சிவப்புக் காகிதம் கணுக்கால் அளவு கிடக்கும், முதல் நாள் துடைப்பம் எடுத்தால் அதிர்ஷ்டத்தைப் பெருக்கித் தள்ளியதாகும் என்று யாரும் அதைத் தொடமாட்டார்கள். தீவிபத்தும் உயிர்ச்சேதமும் நேர்ந்த பிறகு 1972-இல் அரசாங்கம் வெடியை முற்றாகத் தடைசெய்தது. சரியான முடிவு. இப்போது கதவுகளில் பிளாஸ்டிக் வெடிச்சரம் தொங்குகிறது. பொருள் மாறலாம், அளவு குறையலாம், சடங்கு அதையெல்லாம் தாங்கும்.

அங்பாவ் என்கிற சிவப்பு உறைப் பண விஷயத்தில் எங்கள் வழக்கமும் அவர்கள் வழக்கமும் நேருக்கு நேர் மோதும். நம் மொய்யில் ஒற்றைப்படை வேண்டும். 10 வைத்தால் போதாது, மேலே ஒரு 1 வைத்து 11 ஆக்க வேண்டும். அவர்களுக்கு ஒற்றைப்படைப் பணம் சாவு வீட்டுக்கு உரியது. நல்ல காரியத்துக்கு இரட்டைப்படை. ஆ மாவின் மகன் கல்யாணத்துக்கு அம்மா 11 வெள்ளியைச் சிவப்பு உறையில் போட்டு வைத்திருந்தார். அதைப் பார்த்த ஆ மா உறையைப் பிரித்து, ஒரு வெள்ளியை எடுத்து அம்மா கையில் வைத்து மூடி, மீதியை மறுபடி உறையில் போட்டு ஒட்டினார். தன் வீட்டுக்கு வரப்போகிற மொய்யை அவரே சரிசெய்தார். பதிலுக்கு, என் தங்கை காதுகுத்துக்கு ஆ மா கொண்டுவந்த உறையில் 12 வெள்ளி இருந்தது. அம்மா அதில் இருந்து எதையும் எடுக்கவில்லை.

மாதத்தில் ஒரு நாள் இருவரும் வாட்டர்லூ ஸ்திரீட் போவார்கள். அங்கே 1884-இல் எழுந்த குவான் இம் கோயிலும் 1870-இல் தோன்றிய ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஆ மா குவான் இம் முன் மண்டியிட்டு, குறிக்குச்சிகள் நிறைந்த மூங்கில் குழலைக் குலுக்கி, விழுந்த குச்சியின் எண்ணுக்கு உரிய சீட்டை வாங்கிக்கொண்டு, நேராகக் கிருஷ்ணன் கோயில் வாசலுக்கு வந்து ஊதுபத்தி ஏற்றுவார். இன்றைக்கும் அந்தத் தெருவில் சீனர்கள் கிருஷ்ணனைக் கும்பிட்டுவிட்டுத்தான் நகர்கிறார்கள். இது மாறாமல் இருப்பதில் எனக்குப் பெரிய நிம்மதி.

மறுபடி புத்தாண்டுக்கு வருகிறேன். ஹொக்கியன் மக்களின் உண்மையான புத்தாண்டு, முதல் நாள் கிடையாது, ஒன்பதாம் நாள். தி கோங் என்கிற வானுலக அரசரின் பிறந்த நாள். முன்னொரு காலத்தில் ஊரைக் கொள்ளையர் சூழ்ந்தபோது ஹொக்கியன் மக்கள் கரும்புத் தோட்டத்துக்குள் ஒளிந்து பிழைத்தார்களாம். ஒன்பதாம் நாள்தான் வெளியே வர முடிந்ததாம். அதனால் எட்டாம் நாள் நள்ளிரவு நெருங்கும்போது நடைபாதையில் மேசை போட்டு, அதன் இருபுறமும் தோகையோடு இரண்டு முழுக் கரும்பைக் கட்டுவார்கள். எங்கள் பொங்கல் முடிந்து சில வாரம் ஆகியிருக்கும். மறுபடி கரும்பைப் பார்த்ததும் எங்களுக்குக் கால் தரையில் நிற்காது. மேசை நிறைய ‘ஆங் கூ குவே’ இருக்கும். பாசிப்பருப்புப் பூரணம் வைத்த நம் கொழுக்கட்டை மாதிரிதான், ஆனால் சிவப்பு. ஆமை ஓடு செதுக்கிய மர அச்சில் அழுத்தி எடுத்து வாழையிலைத் துண்டின்மேல் வைத்தது. ஆமை என்றால் நீண்ட ஆயுள். அச்சின் குழியில் மாவு ஒட்டாமல் இருக்க ஆ மா எண்ணெய் தடவிய விரலை ஒவ்வொரு வரியிலும் ஓட்டுவார். மாவை அழுத்தி, அச்சைத் திருப்பி மேசை விளிம்பில் ஒரு தட்டு. முழு ஆமை வந்து விழும்.

நாங்கள் தூங்காமல் காத்திருப்போம். ஊதுபத்தியை உயர்த்திப் பிடித்து ஆ மா வானத்தைப் பார்த்து நிறைய பேசுவார். மந்திரம் மாதிரி இருக்காது. வீட்டுப் பெரியவரிடம் நடந்ததைச் சொல்வதுபோல் இருக்கும். ஒவ்வொரு பேரப்பிள்ளையின் பெயரும் வரும். சில சமயம் எங்கள் பெயரும் வரும்.

1979 செப்டம்பரில் பிரதமர் லீ குவான் இயூ ‘மாண்டரின் பேசுவோம்’ இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். சொன்ன காரணங்கள் பொய்யானவை என்று நான் சொல்லமாட்டேன். ஹொக்கியன், தியோச்சியூ, கன்டனீஸ், ஹக்கா, ஹைனானீஸ் என்று சீனர்கள் பிரிந்து கிடந்தார்கள். பள்ளியில் ஆங்கிலமும் மாண்டரினும் படிக்கும் பிள்ளை வீட்டில் மூன்றாவதாக ஒன்றைப் பேசினால் சுமை கூடும் என்றார்கள். மக்களை எட்ட ஹொக்கியன் எவ்வளவு தேவை என்பது அவருக்குத் தெரியாததும் அல்ல. 1961 ஹாங் லிம் இடைத்தேர்தலுக்காக அவரே உட்கார்ந்து ஹொக்கியன் கற்றவர். இருந்தும் முடிவு அதுவானது.

வீட்டுக்குள் வந்து யாரும் வாயை அடைக்கவில்லை. வானொலியும் தொலைக்காட்சியும் பள்ளிக்கூடமும் மாறின, அவ்வளவே போதுமாக இருந்தது. ரெடிஃபியூஷன் கம்பி வானொலியில் லீ டாய் சோர் கன்டனீஸில் கதை சொல்வதைக் கேட்கக் காப்பிக்கடைகளில் கூட்டம் கூடும். ஹொக்கியனுக்கும் கதைசொல்லிகள் இருந்தார்கள். ஆ மா வீட்டுப் பெட்டி அவர்களுக்காகவே சுவரில் இருந்தது. 1982-க்குள் வட்டார மொழி நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. ஹாங்காங் தொடர்களில் நடிகர்கள் வாயசைக்க, மாண்டரின் குரல் வந்தது. ஆ மா சில நாள் பார்த்தார், பிறகு பேரன்களைப் பார்க்கவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டார். ஹொக்கியன் உச்சரிப்பில் தாத்தா டான், பள்ளிப் பதிவேட்டில் மாண்டரின் உச்சரிப்பில் பேரன் சென் என்று ஒரே குடும்பத்துக்கு இரண்டு பெயர் வந்தது. தமிழர்கள் தினம் புழங்கும் தேக்கா சந்தையின் பெயரைக்கூட விடவில்லை. சாலைக்கு எதிர்ப்புறம் கட்டிய புதிய சந்தைக்கு, அதே ஹொக்கியன் பெயரின் மாண்டரின் உச்சரிப்பில் ‘ஜூஜியாவ்’ என்று பலகை வைத்தார்கள். கீரை விற்ற தமிழரும் மீன் விற்ற சீனரும் தேக்கா என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2000-இல் பலகை தேக்கா என்று மாறியது. ஒரு சந்தையின் பெயருக்குக் கிடைத்த மீட்சி ஆ மாவின் மொழிக்குக் கிடைக்கவில்லை.

தமிழ்ப் பெண்ணான எனக்கு இதில் ஒன்று இன்றும் உறுத்துகிறது. இந்த ஊரில் தமிழ் பேசுகிறவர்கள் சிறு கூட்டம். ஆனால் தமிழ் அதிகாரத்துவ மொழி. பள்ளியில் பாடம் உண்டு, 1935 முதல் தமிழ் முரசு உண்டு, வானொலியும் தொலைக்காட்சியும் உண்டு. சந்தை, படகுத்துறை, பேருந்து, காப்பிக்கடை என்று எங்கும் கேட்ட, எங்களைவிடப் பல மடங்கு பேர் பேசிய ஹொக்கியனுக்கு இவற்றில் ஏறக்குறைய எதுவும் இல்லை. எங்கள் மொழிக்குக் குடை பிடித்த அதே கைதான் அடுத்த வீட்டு மொழியை மழையில் விட்டது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்றவர்கள் 48.3 விழுக்காடு. சீன வட்டார மொழிகள் எல்லாம் சேர்ந்து 8.7 விழுக்காடு. தமிழ் 2.5. குடை இருந்தும் நாங்கள் நனைகிறோம். குடையே இல்லாதவர்களைப் பற்றி என்ன சொல்ல?

நான் படித்து முடித்துத் தாதியானேன். முதியோர் வார்டில் அதிக காலம் இருந்தேன். அங்கேதான் இந்த இழப்பின் முழு அளவும் தெரிந்தது. பார்வையாளர் நேரத்தில் பேரப்பிள்ளைகள் பழத்தோடு வருவார்கள், கட்டிலருகில் நிற்பார்கள், கையைப் பிடிப்பார்கள், சிரிப்பார்கள். பேச்சு இருக்காது. பாட்டிக்கு ஹொக்கியன் மட்டும், பிள்ளைக்கு ஆங்கிலமும் கொஞ்சம் மாண்டரினும். பாசம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சொல்ல வழிதான் இல்லை. “எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள், மிஸ்ஸி,” என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொல்வார்கள். நான் “டா லோ டியா?” என்பேன். கிழவி என் முகத்தைப் பார்த்து, பேரனுக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் என்னிடம் கொட்டுவார்.

வேலைக்குப் புதிதாக வந்த தமிழ்ப் பெண்களுக்காக ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தேன். தமிழ் எழுத்தில் ஹொக்கியன். ‘ஜியா பா புவே’ — சாப்பிட்டாச்சா. ‘மாய் கியா’ — பயப்படாதீர்கள். வலி, தண்ணீர், மூச்சு, தலைசுற்றல். கூடவே செய்யக்கூடாதவை: சோற்றில் சாப்பாட்டுக் குச்சியை நட்டு வைக்காதே, அது இறந்தவருக்குப் படைக்கிற முறை, நான்காம் எண் கட்டில் வேண்டாம் என்றால் முகம் சுளிக்காதே. சீனக் குடும்பத்தில் பிறந்த இளம் மருத்துவர்கள் வந்து என்னை வாசிக்கச் சொல்லி, தங்கள் குறிப்பேட்டில் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்வார்கள். ஆர்வமாகக் கற்றார்கள். அவர்களில் ஒரு பெண், கற்ற முதல் வாக்கியத்தைத் தன் சொந்தப் பாட்டியிடம் தொலைபேசியில் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

ஆ மா முதுமையில் இறந்தார். புளோக்கின் கீழ்த்தளத்தில் ஐந்து நாள் கிடத்தினார்கள். அந்தக் கணக்கு எப்போதும் ஒற்றைப்படை. சடங்கு செய்ய வந்த ‘சாய் கோங்’ பூசாரி பழைய ஆள். ஹொக்கியன் தவிர வேறு பேசமாட்டார். கடைசி இரவு, இறந்தவரைப் பாலம் கடத்தும் சடங்கு. சிறிய பாலம் ஒன்று வைத்து, பூசாரி மணியடித்துக்கொண்டு முன்னே போக, குடும்பம் ஊதுபத்தியோடு பின்னே போகும். பாலத்தின் இரு முனையிலும் நீர் வைத்த தட்டில் காசு போட வேண்டும். போகும்போது “ஆ மா, பாலம் தாண்டுங்கள்” என்று கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். எப்போது மண்டியிடுவது, எப்போது எழுவது, எப்போது கூப்பிடுவது என்று பூசாரி சொல்லிக்கொண்டே இருந்தார். பேரப்பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் ஓரமாக நின்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுத்தேன். அம்மா மட்டும் கேட்காமலேயே சரியான இடத்தில் “ஆ மா, குவே கியோ” என்றார்.

மறுநாள் மண்டாய் தகனச்சாலை. சவப்பெட்டி உள்ளே நகரும்போது குடும்பம் உரக்கக் கத்த வேண்டும், நெருப்பு வருகிறது, சீக்கிரம் ஓடிவிடுங்கள் என்று. உடம்போடு சேர்ந்து உயிரும் சுட்டுக்கொள்ளக் கூடாதே என்கிற பதைப்பு. இதைவிட அன்பான சடங்கை எந்தச் சமயத்திலும் நான் கண்டதில்லை. மூத்த பேரன் மாண்டரினில் தொடங்கினான், நிறுத்தினான். பாட்டிக்கு அது விளங்காது என்று அந்த நொடியில் அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் கத்தினேன். “ஆ மா, ஹுவே லாய் லியாவ், கின் ஜாவ்!” அவன் என் வாயைப் பார்த்துச் சொல்லைப் பிடித்துக்கொண்டு கத்தினான். பிறகு எல்லாரும் கத்தினார்கள்.

அந்தப் பேரனுக்கு இப்போது நடுவயது. பொங்கோலில் புது வீடு வாங்கியபோது என்னை அழைத்தான். நாங்கள் முன்பு வேறு வீட்டுக்குக் குடிபோனபோது அம்மா பால் காய்ச்ச, பால் பொங்கியதும் ஆ மா வாசலில் இருந்து ஓர் அன்னாசியை உள்ளே உருட்டிவிட்டு “ஒங் லாய்! ஒங் லாய்!” என்று கூவினார். இவனும் அன்னாசி உருட்டினான். மனைவி கைபேசியில் படம் பிடித்தாள். “ஹுவாட் ஆ!” என்று எல்லாரும் கூவினார்கள், செழிக்கட்டும் என்கிற அந்த ஒரு சொல் இந்த ஊரில் எல்லா இனத்தாரிடமும் பிழைத்துக்கொண்டது. அவன் மகள் ஏன் அன்னாசி என்று கேட்டாள். அதிர்ஷ்டம் என்றான். மாண்டரினில் அந்தப் பழத்தின் பெயர் ‘ஹுவாங் லி’. எத்தனை முறை சொன்னாலும் அதில் செழிப்பு எதுவும் வராது. நான் குழந்தையை உட்காரவைத்து ஒங் லாய் என்று இரண்டு ராகத்திலும் சொல்லிக் காட்டினேன். அவளைவிட அவன்தான் கவனமாகக் கேட்டான்.

அரசாங்கமும் கொஞ்சம் இளகியிருக்கிறது. 2016-இல் முதியோருக்கான அரசாங்கத் திட்டங்களை விளக்க, ‘சாப்பிட்டாச்சா?’ என்று பெயர் வைத்து ஹொக்கியனில் ஒரு தொடரைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். கொவிட் காலத்திலும் கிழவர்களை எட்ட வட்டார மொழிகளைத்தான் தேடிப் போனார்கள். எனக்கு அது போதாது. நோய்க்கும் நலத்திட்டத்துக்கும் மட்டும் ஒரு மொழியைக் கூப்பிடுவது, அதைப் பேசுகிறவர்கள் போய்ச் சேரும் வரைதான் நடக்கும். விருப்பப்பட்ட பிள்ளைகளுக்குச் சமூக மன்றங்களிலாவது முறையாகக் கற்றுத்தர வேண்டும். மாண்டரின் இன்று உறுதியாக நிற்கிறது. ஹொக்கியனால் அதற்கு ஆபத்து வரும் என்று இனியும் யாரும் அஞ்ச வேண்டாம்.

வரும் புத்தாண்டில், எட்டாம் நாள் இரவுக்கு மேசை போடப் போவதாகப் பேரன் சொன்னான். கரும்பு எங்கே கிடைக்கும், எந்தப் பக்கம் கட்டுவது என்று கேட்டான், சொன்னேன். ஆ மாவின் மர அச்சு அவனிடம்தான் இருக்கிறதாம். வானத்தைப் பார்த்து ஆ மா என்ன சொல்வார், அதைச் சொல்லுங்கள், பதிவு செய்துகொள்கிறேன் என்றான். எனக்குத் தெரிந்தது அடுக்களைப் பேச்சும் வார்டுப் பேச்சும். வேண்டுதலில் வரும் பெரிய சொற்கள் எனக்கு வராது. அவனுடைய பெரிய அத்தைக்குத் தெரியும். அவர் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார்; நினைவு இன்னும் தெளிவாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போய்க் கேள் என்றேன். “நீங்களும் வாருங்கள், ஆன்ட்டி,” என்றான். அவன் கேட்பதை அத்தைக்கும், அத்தை சொல்வதை அவனுக்கும் சொல்ல ஆள் வேண்டும். போவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.